சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்த பச்சைக் கிளாஸ்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வட்டுக்கோட்டையிலிருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டில் கை நனைக்க வருகிறார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொழும்பில் வேலை. ஆகவே வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமையாக வீட்டைக் கழுவுகிறேன், துடைக்கிறேன், திரும்பவும் கழுவுகிறேன். எங்கள் பூனையையும் குளிப்பாட்டியிருப்பேன், அது கையில் அகப்படவில்லை.

சமையலில் எனக்குப் பயமே கிடையாது. கொஞ்சம் பெருமை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சாப்பாடு. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வல்லாரைச் சம்பல் என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தபோது, இரண்டு நாட்களுக்கு முன்னால் மகள் தொலைபேசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, மாமிக்குச் சீனி வருத்தமாம். ஆனால் அது ஒருத்தருக்கும் தெரியக்கூடாதாம். நீங்கள் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ. நான் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் எனக்கு இதைச் சொன்ன உங்கடை மாப்பிள்ளை என்னோடை கதைக்கவே மாட்டார்."

ஏன் அந்த ஒளிவு என்று எனக்கு உடனே விளங்கியது. அவர்களுக்கு இன்னும் ஒரு பெண் கட்டிக்கொடுக்க இருக்கிறாள். தாய்க்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்றால் அது பரம்பரை நோய் என்று சொல்ல எங்கள் ஊரில் நாலு வாய் காத்திருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் சாதகத்தோடு சேர்த்து மருந்துச் சிட்டையையும் கேட்கிற காலம் இது.

சரி, பாயசம் வைக்க முடியாது. இனிப்பே இல்லாமல் சம்பந்திகளுக்குச் சாப்பாடு போட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கிற என் தங்கச்சி கொடுத்துவிட்ட பொருட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு சின்னத் தகரத்தில் மாட்சா என்கிற பச்சைத் தேயிலை மா. கூடவே ஒரு சின்னப் போத்திலில் சீனிக்குப் பதிலாக விடுகிற இனிப்புச் சொட்டு. நாலு சொட்டு விட்டால் இரண்டு கரண்டி சீனி போட்ட மாதிரி இனிக்கும், ஆனால் உடம்பில் ஒரு துளி சீனியும் ஏறாது. ஆறு மாதமாக இரண்டும் அலுமாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

தங்கச்சி வீடியோவில் வந்து பழக்கினாள். அங்கே எல்லோரும் புடிங், கேக் என்று ஏதாவது ஒரு இனிப்பின் சுவையில் மாட்சாவைக் குளிராகச் செய்து குடிக்கிறார்களாம். எனக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற எங்கள் வட்டிலப்பம்தான் தோன்றியது. வெள்ளிக்கிழமைக்கு முட்டை ஆகாது. ஆகவே வட்டிலப்பத்தின் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். தேங்காயின் முதற்பாலில் ஏலக்காயும் சாதிக்காயும் போட்டு, சொட்டும் விட்டு அடியில் ஊற்ற வேண்டும். அதன்மேல் ஐஸ். ஐஸுக்கு மேலே மாட்சாவை மெதுவாக ஊற்றினால் வெள்ளையும் பச்சையும் தனித்தனியாக நிற்கும். கடைசியில் வறுத்த கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, இடித்துத் தூவ வேண்டும்.

முதல் தடவை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மாவில் ஊற்றிவிட்டேன். என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வேப்பம்பட்டையைக் காய்ச்சின மாதிரியெல்லே கிடக்கு, சம்பந்தத்தைக் குழப்பவோ யோசிக்கிறாய்?" என்றார். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும், மாவைத் தேத்தண்ணி வடிகட்டியில் அரித்துவிட வேண்டும் என்று தங்கச்சி சொன்ன பிறகு சரிவந்தது. மூன்றாவது கிளாஸை அவர் அடிவரை குடித்தார். அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. யாரையும் நோகப்பண்ணாமல், யாருடைய வருத்தத்தையும் கேட்காமல், சீனி இல்லாத இனிப்பு! இதைவிடக் கெட்டித்தனம் என்ன இருக்கிறது?

இனித்தான் வினை தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கரண்ட் போய்விட்டது. ராகு காலம் கழியட்டும் என்று அவர்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று நான் முதல்நாளே சொல்லியிருந்தேன். சோறு கறி எல்லாம் தயார். ஆனால் பன்னிரண்டேகாலுக்கு பிரிட்ஜைத் திறந்தால் என் ஐஸ் எல்லாம் தண்ணீர். ஐஸ் இல்லாவிட்டால் பச்சையும் வெள்ளையும் கலந்து சேறு மாதிரி ஆகிவிடும். கணவரை ஐஸ் வாங்கிவரச் சொல்லிக் கலைத்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மா வெறும் சீனி வருத்தக்காரி இல்லை. இரண்டு மாதமாக இன்சுலின் ஊசி போடுகிறவர். இது மகளுக்கே தெரியாது. போகிற வீட்டில் ஊசி போட்டால் தெரிந்துவிடும் என்று, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று நான் சொன்னதை நம்பி, வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் உடம்பில் சீனி இறங்கிக்கொண்டே போகும்.

அவர்கள் வந்தார்கள். வாசலில் வரவேற்று, இருக்கவைத்து, மகளின் சின்ன வயசுப் படங்களைக் காட்டினேன். பக்கத்துக் கடைகளிலும் கரண்ட் இல்லாததால் ஐஸ் தேடி என் கணவர் டவுனுக்கே போய்விட்டார். ஒரு மணி ஆனது. சம்பந்தியம்மா இரண்டு தடவை, "நீங்கள் எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூளை இல்லை. முதலில் என் பச்சைக் கிளாஸ், பிறகுதான் சோறு என்று பிடித்த பிடியில் நின்றேன். "இந்தா, இப்ப வந்திடுவார் அக்கா" என்று ஆல்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஒன்றேகாலுக்கு ஐஸ் வந்தது. நான் குசினிக்குள் ஓடினேன். பதறாமல், ஒவ்வொன்றாக, அளந்து செய்தேன். நாலு கிளாஸும் அப்படி வடிவாக வந்தன. தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டியபோது சம்பந்தியம்மாவின் கை நடுங்கியது. புது இடம், கூச்சம் என்று நினைத்தேன். அவர் கிளாஸை வாயில் வைக்காமல் என் முகத்தைப் பார்த்து, "இதுக்குச் சீனி போட்டனீங்களோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள்? ஐயோ பாவம், சீனிக்குப் பயந்து கேட்கிறார் என்று. போடவில்லை என்று சொன்னால், ஏன் போடவில்லை என்ற கேள்வி வரும். மகள் மாட்டுப்படுவாள். அவருக்கு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும் என்பதும் வெளிப்பட்டுவிடும். குடித்தால் எப்படியும் ஒன்றும் ஆகாதே. ஆகவே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"ஓமக்கா, அள்ளிப் போட்டனான். எங்கடை வீட்டிலை இனிப்பில்லாமல் ஒண்டும் தொண்டைக்குள்ளை இறங்காது."

அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல இனிப்பு, இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னுடைய கிளாஸையே தூக்கிக் கொடுத்தேன். அதையும் குடித்தார். அவருடைய கணவர், அதுதான் சம்பந்தி ஐயா, அவரை ஒரு முறை முறைத்துப் பார்த்தார். இனிப்பை இப்படிக் குடிக்கிறாளே என்ற கோபம் அது. உண்மையில் சம்பந்தியம்மா இனிப்புக்கு ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. உடம்பு நடுங்குவதும் அது ஏன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சீனி இறங்குகிறது, இனிப்புக் குடித்தால் சரியாகிவிடும் என்று, மருந்தாக நினைத்துக் குடித்திருக்கிறார். நான் கொடுத்ததோ வெறும் வாசனை.

வாழை இலையைக் கழுவிக்கொண்டு நான் வந்தபோது அவர் கதிரையில் சரிந்து இருந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. மேற்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கரண்ட் இல்லாத வெக்கை என்று என் கணவர் பேப்பரால் விசுக்கிக்கொண்டிருந்தார். "சாப்பிடுவமே அக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "பஸ் வந்திட்டுதோ?" என்றார். 

சம்பந்தி ஐயா எழும்பி அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். பதிலுக்குச் சம்பந்தியம்மா ஏதோ குழறினார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த மனுஷன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இவவுக்குச் சீனி வருத்தம். ஊசி போடுறவ. வெளிக்கிடேக்கை போட்டவதான். ஆனால் ரெண்டு கிளாஸ் இனிப்பெல்லே குடிச்சிட்டா. அதுதான் ஏறிப்போச்சு."

சொல்லிக்கொண்டே மனைவியின் கைப்பையைத் திறந்து பேனை மாதிரி இருக்கிற அந்த ஊசியை எடுத்தார். சீனி பார்க்கிற கருவி அவர்களுடைய வீட்டு மேசையில் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டால் இறங்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எவ்வளவு சீனி போட்டனீங்கள்? அதுக்கேத்த மாதிரிப் போடவேணும்."

  "பொறுங்கோ அண்ணை, பார்த்திட்டு வாறன்" என்று குசினிக்குள் போனேன்.

இதற்குப் பிறகு சொல்லப்போவதைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. குசினிக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எவ்வளவு சீனி போட்டேன் என்று எனக்குத் தெரியாதா? ஒரு மணிச் சீனியும் போடவில்லை. இனிப்புச் சொட்டுப் போத்தில் மாட்சாத் தகரத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி. முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு பொய் சொன்னவள். மாப்பிள்ளை மகளுக்குச் சொன்ன இரகசியமும் வெளியில் வரும். இந்தக் கல்யாணம் நடக்குமா? அந்த நேரத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? போத்திலை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தது. ஆம், ஒளித்தது. "ஒரு கரண்டி போட்டனான்" என்று போய்ச் சொல்லலாம், கொஞ்சமாகச் சொன்னால் கொஞ்சமாகத்தானே ஊசி போடுவார் என்று ஒரு கணக்கும் மனதில் ஓடியது. ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குக் கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

அப்போது முன் அறையிலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த ஊசிப் பேனையின் பின்பக்கத்தைத் திருகி அளவு வைக்கிற சத்தம். வேறொன்றும் இல்லை, அந்தச் சின்னச் சத்தம்தான்.  அவர் சீனி ஏறிவிட்டது என்று நினைத்து ஊசி போடப்போகிறார். ஏறுவதற்கு அந்த உடம்பில் சீனி எங்கே இருக்கிறது? ஏற்கெனவே ஒரு ஊசி போட்டு ஒன்றரை மணித்தியாலம், வெறும் வயிறு!

ஓடினேன். சம்பந்தி ஐயா மனைவியின் சேலையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றில் ஊசியை வைக்கக் குனிந்துவிட்டார். நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தி முறையான ஆம்பிளைக்கு முன்னால் கதிரையில் இருக்கவே யோசிப்போம். நான் இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறேன்.

"குத்தாதேங்கோ அண்ணை! அதிலை சீனி இல்லை! நான் பொய் சொன்னனான், ஒரு துளியும் போடேல்லை!"

அவருக்கு விளங்கவில்லை. "இனிக்குதெண்டு குடிச்சவ" என்றார். "அது சீனியில்லை, சொட்டு, சும்மா இனிப்பு. அவவுக்கு வருத்தமெண்டு எனக்குத் தெரியும்" என்று கத்தினேன்.  ஊசி அவருடைய கையிலிருந்து கீழே விழுந்து கதிரைக்கடியில் உருண்டது.

சீனிப் பேணியை எடுத்து, அளவும் இல்லை ஒன்றும் இல்லை, தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தேன். என் கணவர் ஆம்புலன்ஸுக்கு எடுத்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைத் தட்டிவிட்டார். மயங்கிவிட்டால் வாயில் ஊற்றவும் முடியாது, புரைக்கேறிவிடும். "அக்கா, விழுங்குங்கோ அக்கா, என்ரை அம்மாவெல்லே" என்று நான் கெஞ்ச, ஐயா தலையைத் தாங்கிப் பிடித்தார். முதல் கரண்டி வாயிலிருந்து வடிந்தது. இரண்டாவதும் பாதி வடிந்தது. மூன்றாவது கரண்டியில்தான் தொண்டை அசைந்தது. அந்தத் தொண்டை அசைந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகையை இப்போது நினைத்தாலும் அடக்க முடியாது.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம்.  கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷமா, பதினைந்தா, எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "என்ன, எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறியள்? சோறு போடேல்லையோ?" என்று கேட்டார். நான் நிலத்தில் குந்திவிட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த தாதிப் பிள்ளை விரலில் குத்திச் சீனியைப் பார்த்தாள். இவ்வளவு சீனித் தண்ணீர் கொடுத்த பிறகும் அளவு குறைவாகத்தான் இருந்தது. நடந்ததைக் கேட்டாள். ஊசிக் கதையைச் சொன்னபோது அவளுடைய முகம் மாறியது. "அதையும் போட்டிருந்தால்..." என்று தொடங்கி, சம்பந்தி ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து அடுத்தநாள் விட்டார்கள். நான் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போனேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். மகள் எனக்குச் சொன்னது, நான் தெரியாத மாதிரி நடித்தது, சீனி என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பந்தியம்மா முழுவதையும் கேட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"நான் ஊசியை ஒளிச்சனான், நீங்கள் சீனியை ஒளிச்சனீங்கள். பொருத்தம் பார்த்த சாத்திரியார் பிள்ளையளுக்குப் பார்த்தவரோ, எங்கள் ரெண்டு பேருக்கும் பார்த்தவரோ?"

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போது அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே, "எனக்குச் சீனி வருத்தம், ஊசி போடுறனான், சாப்பாட்டைப் பிந்தாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார். மற்ற மகளுக்கும் சம்பந்தம் பேசி முடிந்துவிட்டது. ஒருவரும் சீனியைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. நானும் வருகிறவர்களிடம் நேரே கேட்டுவிடுகிறேன், சீனியோ, பிரஷரோ, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று. சிலர் முகத்தைச் சுழிக்கிறார்கள். சுழிக்கட்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இதை எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சம்பந்தி ஐயா போகிற வீடெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுகிறார். கல்யாண மண்டபத்திலும் சொன்னார். "அந்த நேரத்திலையும் பதறாமல், குசினிக்குள்ளை போய் போத்திலை வடிவாப் பார்த்து, சீனியில்லை எண்டு நிச்சயப்படுத்திக்கொண்டு ஓடிவந்தவ. அவவின்ரை புத்தியாலைதான் இவ இருக்கிறா" என்று. கேட்கிறவர்கள் என்னை மெச்சுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

சம்பந்தியம்மா பத்திரிகையின் இந்தப் பக்கத்தை ஒன்றும் விடாமல் வாசிக்கிறவர். யாருடைய பெயரையும் நான் போடவில்லை, ஆனால் பச்சைக் கிளாஸ் என்றதுமே அவருக்குத் தெரிந்துவிடும். அக்கா, நான் அன்றைக்குப் போத்திலைப் பார்க்கப் போகவில்லை, ஒளிக்கப் போனேன். நீங்கள் முன் அறையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது நான் குசினிக்குள் என்னுடைய மானத்துக்காக ஒரு நிமிஷம் யோசித்தேன். வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் எங்கேயாவது டிக் என்று ஒரு சத்தம் கேட்டால் நான் அந்தக் குசினிக்குள்தான் நிற்கிறேன், கையில் அந்தப் போத்திலோடு.